முப்புரிச் சுருள்

உயிருடலைக் கட்டியெழுப்பும் மூலக்கூறுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் கேம்பிரிட்ஜிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ தொடங்குவது வழக்கம். இக்கட்டுரை அடையாற்றிலிருந்து தொடங்குகிறது. திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே வாழ்ந்தும் உழைத்தும் வரும் நம் வட்டத்து அன்பர்களுக்கு அது ஒருவேளைப் பேருந்துப் பயணத் தொலைவே. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலை எழுந்த நாள்முதலாக இப்பகுதியில் ஆயிரமாயிரம் கைகள் பொருள்களைப் பூட்டி வருகின்றன. பூட்டப்படும் பொருளின் வரைபடமோ பெரும்பாலும் கொரியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்து சேர்கிறது. நம் உடலில் வேறெதனினும் மிகுதியாக உள்ள புரதத்தின் வரைபடம் மட்டும் நம் பக்கத்து நகரில், 1954ஆம் ஆண்டில் வரையப்பட்டது. அதற்கு வழியமைத்துக் கொடுத்தது தோல் தொழில். இதனை நம்மில் பலர் அறியார் என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

உயிர்ப்பொருளின் பெரு மூலக்கூறுகளை நான்கு இனமாக வகுப்பர்: மாவுப்பொருள், கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம். ஆலைகள் வருமுன் இவ்வட்டாரம் ஏரிப்பாசன நெல்வயலாக இருந்தது. அந்த நெற்பயிரையே எடுத்துக்கொள்வோம். அரிசியின் மாவுப்பொருளும் வைக்கோலின் செல்லுலோசும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரை மணியைக் கோத்த சரங்கள்தாம். மணியை மணியோடு பிணைக்கும் முடிச்சு மட்டும் வேறு. ஒரு முடிச்சை மனிதக் குடல் அவிழ்க்கும். மற்றொன்றை அவிழ்க்க மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வேண்டும். உழவன் சோற்றையும் அவன் எருது வைக்கோலையும் உண்டதற்கு இந்த முடிச்சின் வேறுபாடே அடிப்படை. கொழுப்பு நல்லெண்ணெயாகவும் நெய்யாகவும் நாம் அறிந்ததே. ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வுக்கும் அவ்வினத்தைச் சார்ந்த பொருளே ஆதாரம். நியூக்ளிக் அமிலம் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும் சுவடி. அச்சுவடியில் எழுதியவாறு செய்து முடிப்பது புரதம். தசையின் அசைவும், குருதி சுமக்கும் உயிர்வளியும், செரிமானமும் புரதங்களின் வினை. காஞ்சிபுரத்துத் தறியில் ஓடும் பட்டு நூலும் புரதமே.

புரதத்தின் உறுப்புகள் அமினோ அமிலங்கள். அவை இருபது வகை. அவற்றைக் கோத்த சரத்தை முறுக்கியும் மடித்தும் உருவம் கொடுக்கும்போதுதான் புரதத்துக்குத் தொழில் பிறக்கிறது. உருவம் கெட்டால் தொழிலும் கெடும். ஆகவே புரதத்தின் உருவம் யாது என்பதே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உயிரியலின் தலையாய வினாவாக நின்றது. 1951இல் அமெரிக்காவின் லைனஸ் பாலிங் ஆல்பாச் சுருள் என்னும் அமைப்பைக் கண்டு சொன்னார். 1953இல் கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை வெளியிட்டனர். கொலாஜன் மட்டும் பிடிபடாமல் நின்றது. பாலிங்கும் அதற்கோர் அமைப்பை 1951இல் முன்மொழிந்தார், அது பொருந்தவில்லை.

கொலாஜன் என்பது தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றின் நார்ப் புரதம். விலங்குடலின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்குக் குறையாமல் அதுவே உள்ளது. ஆட்டுக்கால் பாயாவை இரவு முழுதும் அடுப்பில் வைத்து இறக்கி ஆறவிட்டால் பாகு போல் உறைந்து நிற்கிறதே, அது கொலாஜன் குலைந்து உண்டான ஜெலட்டின். பதனிட்ட தோல் இதற்கு நேர்மாறான செயலின் விளைவு. அங்கே நாரைக் குலைய விடாமல் கட்டிவைக்கிறோம். பச்சைத் தோல் ஏறத்தாழ 60 பாகை வெந்நீரிலேயே சுருங்கிப் போகும். குரோமியம் ஏற்றிப் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். குரோமிய உப்பு நாருக்கும் நாருக்கும் இடையே பாலமிட்டு நிற்பதால் வந்த வலிமை அது.

இந்த வேதியியலை நூல்களில் படியாமலே நம் முன்னோர் கையாண்டனர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து விலை போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனீட்டைச் சோதித்துப் பரப்பினார். அதன்பின் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் தோல் கம்பெனி எழுந்தது. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அதன் வழிவந்தது. மின்தொடரில் நாள்தோறும் அப்பெயரைக் கேட்கும் பலருக்கு அஃது ஓர் உலோகத்தின் பெயர் என்பது தோன்றுவதில்லை. இருங்காட்டுக்கோட்டைக் காலணி வளாகத்தில் தைக்கப்படும் காலணிகள் வரை இம்மரபு நீள்கிறது. இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவால் நிலமும் நீரும் பாழ்பட்டதைப் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் பட்ட பாட்டை டி. செல்வராஜ் ‘தோல்’ என்னும் நாவலாக எழுதினார். 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. அறிவியலின் பெருமையைப் பேசும்போது அந்தத் தொட்டிகளில் இறங்கி நின்ற கால்களை மறப்பது முறையன்று.

விடுதலை பெற்ற மறு ஆண்டில், 1948இல், அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. ஏற்றுமதித் தொழிலொன்றுக்குத் துணைசெய்யவே அது தோன்றியது. அதற்கு அண்மையிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். 1952இல் அங்கே இயற்பியல் துறையொன்றைத் தொடங்க விரும்பிய துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் சர் சி.வி. இராமனை அழைத்தார். இராமன் தாம் வராமல் தம் மாணவர் ஒருவரைப் பரிந்துரைத்தார். அவரே கோ. நா. இராமச்சந்திரன்.

இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் கல்லூரிக் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின் 1942இல் மின்பொறியியல் கற்கப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் சென்றார். அங்கே இராமன் அவரைத் தம் துறைக்கு இழுத்துக்கொண்டார். அந்த இழுப்பு நிகழாதிருந்தால் நாட்டுக்கு ஒரு நல்ல மின்பொறியாளர் கிடைத்திருப்பார். இக்கட்டுரைக்குப் பொருள் இருந்திராது. பின்னர்க் கேம்பிரிட்ஜில் ஆய்வுசெய்து 1949இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். சென்னைத் துறைக்குத் தலைமையேற்றபோது முப்பது வயதைத் தொட்டிருந்தார். துறையோ புதிது, கருவிகளோ சில.

அவ்வாண்டு சென்னைக்கு வருகைபுரிந்த ஆங்கிலப் படிகவியலறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீர்க்கப்படவில்லை என்று பேச்சினிடையே குறிப்பிட்டார். அவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டார் இராமச்சந்திரன். கொலாஜனுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அத்தசைநாணில் நார்கள் ஒரே திசையில் ஒழுங்குற அமைந்திருப்பதால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழும். கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆய்வாளர் துணைநின்றார். படத்தில் விழுந்த கரும்புள்ளிகளையும், வேதியியலார் கணக்கிட்டு வைத்திருந்த அமினோ அமில விகிதத்தையும் வைத்துக்கொண்டு இருவரும் கோலும் குண்டுமாக மாதிரிகள் செய்து பார்த்தனர்.

அந்த விகிதத்தில் ஒரு விந்தை இருந்தது. எந்த விலங்கின் கொலாஜனை எடுத்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். இருபது அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசின். பக்கக் கிளையென ஒரேயொரு ஹைட்ரஜன் அணு மட்டும் உடையது. மூன்றில் ஒன்று என்றால், சரத்தில் மூன்றாம் இடந்தோறும் அதுவே வருகிறதோ? அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதை எதுகை என்று வகுத்த நமக்கு இந்த ஐயம் புதிதன்று. ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓர் ஒலி தவறாமல் வருமாயின், பாட்டின் கட்டுமானம் அவ்விடத்தில் அதனை வேண்டி நிற்கிறது என்றே பொருள். கொலாஜனும் அவ்வாறே வேண்டி நின்றது. சரம் ஒன்றல்ல, மூன்று. மூன்றும் அருகருகே நெருங்கி நிற்கின்றன. அவை கூடும் நடு அச்சில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. இம்முடிவு 1954 ஆகஸ்ட் 7ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று.

ஆனால் அம்மாதிரி முழுதும் சரியன்று என்பதை ஆசிரியர்களே விரைவில் உணர்ந்தனர். சரம் ஒரு சுற்றுக்கு மூன்று உறுப்பாகச் சுருண்டால் மூன்றாவதான கிளைசின் எப்போதும் உள்நோக்கியே நிற்கும். எக்ஸ் கதிர்ப் படங்களோ ஒரு சுற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல் என்று காட்டின. அப்படியாயின் கிளைசின் சிறிது சிறிதாக விலகி வெளியே போய்விடுமே! விடை நிலாவிலிருந்து கிட்டியது என்பர். நிலா தன்னைத் தானே சுற்றிக்கொண்டும் நிலவுலகைச் சுற்றியும் வருகிறது. இரண்டும் ஒரே கால அளவு கொண்டிருப்பதால் நமக்கு அதன் ஒரே முகம் தெரிகிறது. அதுபோல ஒவ்வொரு சரமும் தன்னளவில் சுருண்டு, நடு அச்சையும் சுற்றி வளைந்து சென்றால், கிளைசின் தன் முகத்தை உள்நோக்கியே வைத்திருக்கும். நிலாவைப் பார்த்துக் கவிஞர்கள் எழுதாத உவமை மிகக் குறைவு. இந்த உவமை மட்டும் ஓர் இயற்பியலாருக்காகக் காத்திருந்தது போலும். 1955இல் திருத்திய மாதிரி வெளிவந்தது.

இவ்வமைப்பை முச்சுருள் என்று பாடநூல்கள் மொழிபெயர்க்கின்றன. முப்புரிச் சுருள் என்பதே எனக்கு உவப்பானது. புரி என்னும் சொல் கயிறு திரிப்போரின் சொல். வைக்கோற்புரி திரித்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்கேற்றி, மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும் என்பதை அவர்கள் கை அறியும். கொலாஜனில் ஒவ்வொரு சரமும் இடஞ்சுழி. மூன்றும் கூடிய சுருள் வலஞ்சுழி. சரத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலம். அந்த ஆயிரத்தில் ஒரேயொரு கிளைசின் இருந்த இடத்தில் வேறொன்று புகுந்துவிட்டாலும், எலும்பு தொட்டால் முறியும் கொடிய பிறவி நோய் விளையக்கூடும். எதுகை தவறினால் பாட்டுக்கு வரும் இழுக்கு இதன்முன் மிகச் சிறிது.

இன்னொன்று. முப்புரி பிரியாமல் நிற்க ஹைட்ராக்சிபுரோலின் என்னும் உறுப்பு வேண்டும். அதனை உடல் ஆக்கிக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். அது கிட்டாத நெடுங்கடற் பயணங்களில் மாலுமிகள் ஈறு கரைந்து, பழைய புண் வாய் திறந்து மடிந்தனர். அதியமான் ஔவைக்கு ஈந்ததாக நாம் போற்றும் நெல்லிக்கனியில் அச்சத்து நிறைந்திருக்கிறது. பழங்கதைக்கு அறிவியல் சான்று தேடும் பழக்கம் எனக்கில்லை. இயைபு இனிதாக இருப்பதால் சொல்லி வைத்தேன்.

சென்னை மாதிரி வெளிவந்த 1955ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுப்பெழுதினர். சரங்கள் மூன்று, அவை கயிறுபோல் முறுக்கியவை என்பவற்றில் மாறுபாடில்லை. ஆயினும் இராமச்சந்திரன் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றும், மூன்று உறுப்புக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது பிழை, ஒன்றே உண்டு என்றும் அவர்கள் கூறினர். கிரிக்கின் புகழ் அப்போது ஓங்கி நின்றது. சென்னைத் துறைக்கோ மூன்று வயது. வழக்கு எவ்வாறு தீர்ந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். 1968இல் இராமச்சந்திரன், இரண்டாம் பிணைப்பு நேராக அமையாமல் ஒரு நீர் மூலக்கூற்றின் வழியாக அமையலாம் என்று எழுதினார். 1994இல் ஹெலன் பெர்மனும் பார்பரா பிராட்ஸ்கியும் தம் குழுவினரோடு கொலாஜனை ஒத்த சிறு சரமொன்றைப் படிகமாக்கி அணு அணுவாகக் கண்டனர். முப்புரி இருந்தது. நேர்ப் பிணைப்பு ஒன்றே இருந்தது. சுற்றிலும் நீர்ப் பாலங்களும் இருந்தன. பிணைப்புக் கணக்கில் கேம்பிரிட்ஜ் சரி. அடிப்படை வடிவத்தை முதலில் கண்டது சென்னை. நம்மவர் என்பதற்காக முன்னதை மறைப்பதும், மேலைநாட்டார் என்பதற்காகப் பின்னதை அவர்பால் ஏற்றுவதும் ஒருங்கே தவறு.

எனினும் வழக்கினும் பெரிது, வழக்கு விளைத்த பயன். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கின என்றனரே, அந்த அளவு யாது? அதனை யார் வரையறுத்தார்? இந்த வினாவைச் சினத்தோடு கேட்டுவிட்டு அமர்ந்திருக்கலாம். இராமச்சந்திரன் அதனை ஆய்வுப் பொருளாகவே எடுத்துக்கொண்டார். அதுகாறும் வெளிவந்திருந்த சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளைத் திரட்டி, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு அருகில் வரக்கூடும் என்று பட்டியலிட்டார். வி. சசிசேகரனும் சி. இராமகிருஷ்ணனும் உடன் உழைத்தனர். புரதச் சரத்தில் ஒவ்வோர் உறுப்பும் இரண்டே இடங்களில் திரும்ப இயலும். ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் அக்கோணங்களைக் குறிப்பர். ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் கொண்டு ஒரு கட்டம் வரைந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அணு அணுவோடு முட்டுகிறதா என்று மேசைக் கணக்குப்பொறி கொண்டு பார்த்தனர். கணினி அவர்கள் மேசைக்கு வராத காலம் அது. கட்டத்தின் பெரும்பகுதி ஆகாத நிலம் என்று கழிந்தது. சில தீவுகள் மட்டும் எஞ்சின. ஆல்பாச் சுருள் ஒரு தீவில், கொலாஜன் மற்றொன்றில்.

1963இல் வெளியான அந்தப் படமே உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் எனப்படுகிறது. இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னுமாக வரும் என்பது நம் மரபு. இங்கோ இலக்கணம் முந்திற்று. அந்நாளில் அணுவளவில் தெரிந்திருந்த உருண்டைப் புரதங்கள் மிகச் சிலவே. இன்று உலகப் புரதக் களஞ்சியத்தில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. அவை ஏறத்தாழ எல்லாம் கிண்டியில் வரையப்பட்ட அத்தீவுகளிலேயே தங்குகின்றன. விதிவிலக்கு உண்டு, கிளைசின் பக்கக்கிளை அற்றதாதலால் பிறர் புகா இடத்தும் புகும். புதிய அமைப்பொன்றை வெளியிடுவோர் எத்தனை உறுப்புகள் ஆகாத நிலத்தில் விழுந்தன என்று கணக்குக் காட்ட வேண்டும். மிகுதியாக விழுந்தால் பிழை அவர்களுடையது என்றே கொள்வர். 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி, கணினியின் செயற்கை நுண்ணறிவால் புரத உருவத்தை முன்கூட்டிச் சொன்ன டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் வழங்கப்பட்டது. அக்கணினி வரையும் உருவங்களையும் இந்தப் பழைய படத்தின்மேல் வைத்தே சரிபார்க்கின்றனர்.

கிண்டியில் 1963இலும் 1967இலும் புரத அமைப்புப் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்குகள் நடந்தன. துறையின் பேரறிஞர்கள் சென்னைக்கு வந்தனர். அத்தகைய காலம் நெடிது நிற்கவில்லை. 1970இல் இராமச்சந்திரன் சென்னையை விட்டு நீங்கினார். மறு ஆண்டு பெங்களூரில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவு அவரால் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே, உடலின் உட்புறத்தைக் கதிர்ப்பட நிழல்களிலிருந்து மீட்டுக் காட்டும் கணித முறையொன்றை ஏ.வி. இலட்சுமிநாராயணனோடு வெளியிட்டார், மருத்துவமனைகளின் சி.டி. ஸ்கேன் கருவிகள் அம்முறையின் வழித்தோன்றல்களைக் கையாள்கின்றன. 1977இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. நோபல் பரிசு வரவில்லை. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார். கர்த்தா அமெரிக்கா சென்று, 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் அமைப்பைக் கண்டவர்களுள் ஒருவரானார். அவர் பெயரைத் தமிழ்ப் பாடநூல் எதிலும் நான் கண்டதில்லை.

அடையாறு சர்தார் படேல் சாலையில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் இயங்குகிறது. அதன் வளாகத்தில் ஓர் அரங்கம் உண்டு. தொழில் கண்காட்சிக்கும் மாநாட்டுக்கும் நம் பகுதிக் காலணி ஆலைகளைச் சேர்ந்தவர்கள் அவ்வழி செல்ல நேரலாம். அரங்கத்துக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.